ஒரு சொல்லுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது எப்படி

என் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திர எழுத்தராக இருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகை, சாய்வு மேசை, எழுத்து தேய்ந்த ஒரு டைப்ரைட்டர். நிலம் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும், விலை என்ன என்று கேட்க மாட்டார். “மூலப்பத்திரம் பாத்தாச்சா? முப்பது வருசத்துக்கு வில்லங்கம் போட்டாச்சா?” என்பதுதான் முதல் கேள்வி. நான் அந்தத் தொழிலுக்கு வரவில்லை. சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறேன். ஆனால் அப்பாவின் கேள்வியை இப்போது சொற்களிடம் கேட்கிறேன். கேட்காமல் விட்டு ஒருமுறை மானம் போனது, அதனால்.

தமிழ்த் தொடர் ஒன்றுக்கு ஆங்கில சப்டைட்டில். தன் அண்ணனைக் கொன்றவனைப் பற்றிக் கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறான்: “அவன பழிவாங்காம ஓய மாட்டேன்.” நான் ‘பழிவாங்கு’ என்பதற்கு அவெஞ்ச் என்று போட்டு, ‘அவனை’ என்பதை அப்படியே அதன் பின்னால் வைத்துவிட்டேன். சரிபார்ப்பவர் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: “உங்கள் ஹீரோ வில்லனுக்காகப் பழிவாங்கக் கிளம்பிவிட்டாரே, பரவாயில்லையா?”

தமிழில் பழிவாங்கு என்றால் ‘ஐ’ உருபு எதிரிக்குப் போகிறது: அவனைப் பழிவாங்கினான். ஆங்கில அவெஞ்சுக்குப் பின்னால் வருவது, அடிபட்டவர் அல்லது அவருக்கு நடந்த கொடுமை. அண்ணனை அவெஞ்ச் செய்யலாம், அண்ணனின் கொலையை அவெஞ்ச் செய்யலாம். வில்லனை அவெஞ்ச் செய்தால் அவன் நமக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுவான். இது அகராதியில் பொருள் பார்த்தால் தெரியாது. இரண்டுக்கும் அங்கே ‘பழிவாங்கு’ என்றுதான் இருக்கும்.

அதனால் முதல் வேலை, சொல்லை எழுதாமல் வாக்கியத்தை எழுதுவது. ஒரு நோட்டில் ரிவெஞ்ச், அவெஞ்ச், வெஞ்சன்ஸ் மூன்றுக்கும் பக்கம் ஒதுக்கி, படிக்கும்போது கண்ணில் படும் முழு வாக்கியத்தை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பேரைத் தேடுங்கள்: யார் அடிபட்டது, யார் அடித்தது, யார் இப்போது கிளம்புகிறார். பத்து வாக்கியம் சேர்ந்ததும் ஒன்று தெரியவரும். இன்றைய ஆங்கிலத்தில் ரிவெஞ்ச் பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகத்தான் வேலை செய்கிறது. ரிவெஞ்ச் ‘எடுப்பார்கள்’, ஒருவர் மேல். வினை வேண்டுமென்றால் அவெஞ்சைக் கூப்பிடுகிறார்கள்.

அடுத்தது மூலப்பத்திரம். இணையத்தில் ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி இலவசமாகவே கிடைக்கிறது. சொல்லைப் போட்டால் எந்த நூற்றாண்டில் வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று வரிசையாக வரும். ஒரே தாவலில் லத்தீனுக்குப் போய்விடாதீர்கள். ஒவ்வொரு கைமாற்றத்தையும் பாருங்கள். வெஞ்சன்ஸ் ஆங்கிலத்தில் தலைகாட்டுவது 1300 வாக்கில். ரிவெஞ்சும் அவெஞ்சும் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில். மூன்றும் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தவை, ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அதற்கும் முந்தைய பத்திரத்தில் லத்தீன் விண்டிகாரே என்ற வினை இருக்கிறது. அதன் பொருளைப் பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. விண்டிகாரே என்றால் முதலில் ‘இது என்னுடையது என்று உரிமை கோருவது’.

ரோமானியச் சட்டத்தில் அதற்கு ஒரு சடங்கே உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் சட்ட நூல் எழுதிய காயஸ், அந்தப் பழைய முறையை விவரித்திருக்கிறார். தகராறுக்குரிய பொருளை நீதிபதி முன் கொண்டுவர வேண்டும். வயலை எப்படித் தூக்கி வருவது? அதிலிருந்து ஒரு மண்கட்டியைக் கொண்டு வந்தால் போதும். உரிமை கேட்பவர் கையில் கோலைப் பிடித்து, அந்தப் பொருளின் மேல் வைத்து, “இது என்னுடையது” என்று விதித்த சொற்களில் சொல்வார். அந்தக் கோலுக்கு விண்டிக்டா என்று பெயர். அடிமையை விடுவிக்கும் சடங்கிலும் அதே கோலைத் தொட்டு வைத்தார்கள். ஒரு மண்கட்டி, ஒரு கோல், ஒரு வாய்ச்சொல். எங்கள் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இதைவிட நிறையக் காகிதம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

உரிமை கேட்பவர், பிறருக்காக உரிமை கேட்டு நிற்கும் காவலர், அவருக்குத் தீங்கு செய்தவனைத் தண்டிப்பவர் என்று பொருள் அங்கேயே நகர்ந்துவிட்டது. அவெஞ்சில் இன்றும் ‘ஒருவருக்காக’ என்ற வாசனை அடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் காவலர்தான் தெரிகிறார். என் வில்லன் குழப்பத்துக்கு மருந்தும் இதில் இருக்கிறது: பின்னால் நிற்கும் பெயர், நீங்கள் யாருக்காகக் கோல் ஊன்றுகிறீர்களோ அவருடையது.

பங்காளிகளையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். குற்றமற்றவர் என்று நிலைநாட்டும் விண்டிகேட், மனதில் வைத்துக் கறுவும் விண்டிக்டிவ் இரண்டும் அதே வீடு. வென்டெட்டா இத்தாலிய வழியில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்கு வந்தது, கோர்சிகாத் தீவின் குடும்பப் பகைக் கதைகளோடு. 1871இல் அல்சாஸ், லொரேன் பகுதிகளை ஜெர்மனியிடம் இழந்த பிரான்ஸில் ரெவான்ஷ் என்ற சொல் அரசியல் முழக்கமானது. இவ்வளவு போதும், பங்காளி வீட்டிலேயே தங்கிவிட்டால் நம் வேலை நடக்காது.

ஒரு எச்சரிக்கை. மூலப்பத்திரத்தில் நஞ்சை என்று இருக்கும், இன்று அங்கே கல்யாண மண்டபம் நிற்கும். வேரில் உரிமை கோருதல் இருக்கிறது என்பதற்காக, இன்று ரிவெஞ்ச் என்று எழுதுகிறவர் நிலம் கேட்கிறார் என்று மொழிபெயர்த்துவிட முடியாது.

பிரெஞ்சுக்காரச் சொற்கள் குடிவருவதற்கு முன் அந்த மனையில் யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். பழைய ஆங்கிலத்தில் ரெகான் என்று ஒரு வினை இருந்தது: விரட்டு, தண்டி, பழிவாங்கு. ஜெர்மன் மொழியில் அதன் சகோதரி இன்றும் பழிவாங்கும் வேலையைத்தான் பார்க்கிறாள். ஆங்கிலத்தில் அது ரீக் என்று தேய்ந்து, நாசம் ‘விளைவிப்பது’ போன்ற ஓரிரு தொடர்களில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. ரீக்கும் வெஞ்சன்ஸும் சேர்ந்து வரும் தொடரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்: பழைய சொந்தக்காரரும் புதிய சொந்தக்காரரும் ஒரே திண்ணையில். பரிதாபத்துக்குரியவன் என்று பொருள்படும் ரெட்ச்சும் அந்தப் பழைய குடும்பம்தான். முதலில் நாடு கடத்தப்பட்டவன்.

சரி, இனிப் பழைய புத்தகங்களில் தேடல். இங்கே நான் ஒரு மாலை முழுக்க முட்டாளாக இருந்தேன். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 பதிப்பு, எழுத்துக்கு எழுத்து உள்ளபடியே, இணையத்தில் கிடைக்கிறது. ஹேம்லட்டைத் திறந்து ரிவெஞ்ச் என்று தேடினேன். எதுவுமே வரவில்லை. பழிவாங்கலையே உயிராகக் கொண்ட நாடகத்தில் அந்தச் சொல் இல்லையா! பிறகுதான் உறைத்தது. அன்றைய அச்சில் யு, வி இரண்டும் ஒரே எழுத்தின் இரண்டு முகங்கள். சொல்லின் தொடக்கத்தில் வி வடிவம், நடுவில் யு வடிவம். அதனால் வெஞ்சன்ஸ் என்று தேடினால் கிடைக்கும். ரிவெஞ்சும் அவெஞ்சும் நடுவில் யு போட்டுத் தேடினால்தான் கிடைக்கும். புள்ளி இல்லாத ஓலைச்சுவடியைப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. 17ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரையுள்ள நூல்களுக்கு இரண்டு விதமாகவும் தேடுங்கள். ஆண்டுவாரியாகச் சொல்லை எண்ணிக் காட்டும் வரைபடங்களை நம்பி “அந்தக் காலத்தில் இந்தச் சொல் அரிது” என்று எழுதிவிடாதீர்கள்.

யு போட்டதும் வரி கிடைத்தது. கொல்லப்பட்ட தந்தையின் ஆவி மகன் ஹேம்லட்டிடம் சொல்கிறது: தந்தையின் கொடிய, இயற்கைக்கே ஒவ்வாத கொலையை ‘ரிவெஞ்ச் செய்’. கவனியுங்கள், கொலையை. இன்று அவெஞ்ச் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் அன்று ரிவெஞ்சும் தாராளமாக உட்கார்ந்தது. இதைக் காட்டிச் சரிபார்ப்பவரிடம் ஒருமுறை வாதாடியும் பார்த்தேன். “உங்கள் ஹீரோ வைத்திருப்பது செல்போன்” என்று பதில் வந்தது. நியாயம்தான்.

எல்லை எப்போது கட்டப்பட்டது என்று பார்க்க, சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியைப் புரட்டுங்கள். ரிவெஞ்ச் ஆத்திரத்தின் செயல், வெஞ்சன்ஸ் நீதியின் செயல். தனக்கு இழைத்த தீங்குக்கு ரிவெஞ்ச், குற்றத்துக்கு அவெஞ்ச் என்று வேலி போடுகிறார். போட்ட கையோடு, இந்த வேறுபாட்டை எல்லா நேரமும் யாரும் காப்பதில்லை போலும் என்று ஒரு வரி சேர்க்கிறார். அந்த வரிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். நீதிப் பக்கத்துக்கு நல்ல சாட்சி 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம். ரோமர் நிருபத்தில் கர்த்தர் தனக்குரியது என்று சொல்வது வெஞ்சன்ஸ், ரிவெஞ்ச் இல்லை. நம் தமிழ் வேதாகமத்தில் “பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்” என்று இருக்கிறது. ஆத்திரத்துக்கும் நீதிக்கும் தனித்தனிச் சொல் வைக்காமல் ‘பழிவாங்கு’ இரண்டையும் சுமக்கிறது.

கடைசியாக, சொல் வேலையை விட்டு ஓய்வு பெற்ற இடங்கள். வித் எ வெஞ்சன்ஸ் என்ற தொடர் 16ஆம் நூற்றாண்டில் சாபமாகத் தொடங்கியது. ஷேக்ஸ்பியரின் கொரியோலேனஸில் ஓர் அதிகாரி ஒருவனை ‘வெஞ்சன்ஸ் கர்வம் பிடித்தவன்’ என்கிறான். நாம் ‘கொலைப்பசி’ என்கிறோமே, அப்படி. யாரும் கொல்லப்படுவதில்லை, அளவுதான் கூடுகிறது. இன்று அந்தத் தொடருக்கு ‘முழு மூச்சோடு’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. ரிவெஞ்சும் இப்போது அந்த வழியில்தான் போகிறது. பகலெல்லாம் வேலைக்குக் கொடுத்துவிட்டு, தனக்கென்று கொஞ்ச நேரம் வேண்டி இரவில் தூங்காமல் செல்போனைத் தேய்ப்பதற்குச் சீனத்தில் ஒரு தொடர் இருந்தது. 2020இல் அது ரிவெஞ்ச் என்ற சொல்லோடு ஆங்கிலத்தில் பரவியது. ஊரடங்கு தளர்ந்ததும் ஊர் சுற்றக் கிளம்பியதையும் ரிவெஞ்ச் பயணம் என்றார்கள். இங்கே எதிரி யாரும் இல்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் காணாமல் போனால், ‘பழி’யைத் தமிழில் கொண்டுவராதீர்கள். ‘விட்டதைப் பிடிக்க’ என்பது பல இடங்களில் கச்சிதமாக உட்காரும்.

எதிரி இருக்கும்போதும் ‘பழி’ ஒன்றையே பிடித்துத் தொங்க வேண்டாம். சொந்தக் காயம் என்றால் வஞ்சம் தீர்த்தான். இன்னொருவருக்காக என்றால் அவர் சாவுக்குப் பழிதீர்த்தான். அலுவலகச் சில்லறைச் சண்டைக்குப் பதிலடி போதும். ஆறாமல் உள்ளுக்குள்ளேயே கிடந்தால் எங்கள் ஊரில் வர்மம். பழிகிடந்தான் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது கடன் கேட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு.

நான் சப்டைட்டில் எழுதத் தொடங்கிய முதல் மாதத்தில், ஓர் ஆவணப்படத்தில் இரண்டு நாள் விட்டிருந்த மழை வித் எ வெஞ்சன்ஸ் திரும்பியது. “மழை பழிவாங்கத் திரும்பி வந்தது” என்று எழுதி அனுப்பினேன். யாரும் கவனிக்கவில்லை. அப்படியே ஒளிபரப்பானது, இன்னமும் அப்படியே ஓடுகிறது. இப்போது எழுதினால் ‘மழை வெளுத்து வாங்கியது’ என்று போடுவேன். எழுத்தும் குறைவு, ஒரே வரியில் அடங்கும்.