நாகையில் கப்பலேறி விகாரைக்குப் போகிறவர்களுக்கு: முதல் முறை செய்முறை விளக்கம்

கோயிலுக்குப் போவது எப்படி என்று டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அர்ச்சனைத் தட்டு, பேர் நட்சத்திரம், விபூதி, பிரகாரம் சுற்றி வந்து கொடிமரத்தடியில் விழுந்து கும்பிடுவது, வெளியே வந்ததும் தொன்னையில் புளியோதரை. எல்லாம் சின்ன வயதிலேயே பழகிப் போனது. வெளியூரில் ஒரு பௌத்த விகாரைக்குள் நுழையும்போது இந்தப் பழக்கத்தில் பாதி அப்படியே கைகொடுக்கும், மறுபாதி காலை வாரும். எது எந்தப் பாதி என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் போதும்.

இலங்கையை வைத்து எழுதுகிறேன். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்ட பிறகு, நம்ம பக்கத்து ஆட்களுக்குக் கைக்கெட்டும் வெளிநாடு அதுதான். புத்தகயாவுக்கோ தாய்லாந்துக்கோ போகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

படி 1: ஊரிலேயே ஒரு பார்வை

நேரமிருந்தால் பூம்புகார் போகும் வழியில் பல்லவனீச்சரத்தில் இறங்குங்கள். தொல்லியல் துறை தோண்டியெடுத்த செங்கல் விகாரையின் அடித்தளம் அங்கே இருக்கிறது. புத்தர் பாதம் செதுக்கிய கல் கிடைத்த இடமும் அதுதான்.

நாகப்பட்டினம் இதைவிடப் பெரிய கதை. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய நாட்டு அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் இங்கே சூடாமணி விகாரையை எழுப்பினான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை விட்டுக்கொடுத்த செய்தியைத்தான் சோழர்களின் லெய்டன் செப்பேடு சொல்கிறது. நாகையில் நின்ற பழைய செங்கல் கோபுரம் ஒன்றை 1867-ல் இடித்துவிட்டார்கள். ஆனால் 1856 முதல் மண்ணுக்கடியிலிருந்து 350-க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தப் புத்தர்களின் தலை உச்சியில் தீச்சுடர் மாதிரி ஒன்று எழும்பி நிற்கும். அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை விகாரைகளில் அதே சுடரை அடிக்கடி பார்ப்பீர்கள்.

படி 2: நாள் பார்ப்பது

பாஸ்போர்ட், இலங்கைக்கான இணைய வழி நுழைவு அனுமதி, கப்பல் டிக்கெட். இந்த மூன்றும் இல்லாமல் கிளம்ப முடியாது. பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் ஓடாது, ஐப்பசி கார்த்திகையில் திட்டம் போடாதீர்கள்.

அப்புறம் காலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. போயா என்பார்கள். அன்று மதுக்கடை, இறைச்சிக்கடை கிடையாது. விகாரைகளில் வெள்ளை உடுத்தி நாள் முழுக்கச் சீலம் என்ற ஒழுக்க விரதம் அனுசரிப்பவர்கள் நிறைந்திருப்பார்கள். பெரிய போயாக்களில் வெசாக் மே மாதம் வரும், பொசொன் ஜூனில். முதல் முறை போகிறவர்கள் போயாவுக்கு முந்தின நாளோ மறுநாளோ போவது நல்லது என்பது என் கருத்து. ஒரு முறை போய்ப் பழகியவர்கள் போயா அன்றே போகலாம். அந்தக் கூட்டம் தனி அழகு.

படி 3: உடை

நம்ம ஊர் ஆண்களுக்கு இதில் கவலையே இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்றால் விகாரைக்கு அதைவிடப் பொருத்தமான உடை கிடையாது. ஒன்றே ஒன்று, வேட்டியை மடித்துக் கட்டாதீர்கள். முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும் என்பது ஆண் பெண் இருவருக்கும் பொது. பெண்களுக்குப் புடவை, சுடிதார் எதுவும் சரி. கை இல்லாத ரவிக்கை என்றால் மேலே ஒரு துப்பட்டா போர்த்திக்கொள்ளுங்கள். வெளிர் நிறம் நல்லது. கறுப்பு வேண்டாம் என்று யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே துருத்திக்கொண்டு தெரியும்.

செருப்பு மட்டுமல்ல, தொப்பியும் கழற்ற வேண்டும். வெயிலில் கல்தரை பொரியும் என்பதால் பலர் காலுறையோடு நடக்கிறார்கள், அதற்குத் தடையில்லை.

உடம்பில் புத்தர் படம் பச்சை குத்தியிருந்தால் முழுக்க மூடிக்கொள்ளுங்கள். 2014-ல் கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் பயணி ஒருவரை விமான நிலையத்திலேயே பிடித்து நாடு கடத்தினார்கள். 2017-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு தரச் சொன்னது. சரி, நியாயம் கிடைத்தது. ஆனால் சுற்றுலா வந்த இடத்தில் மூன்று வருடம் வழக்கு நடத்த யாருக்குத் தெம்பு இருக்கிறது?

படி 4: முதல் விகாரையாக நயினாதீவு

பழக இதைவிட நல்ல இடம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கிருந்து படகு. தீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. இரண்டு நாக அரசர்கள் ஒரு ரத்தின ஆசனத்துக்காகச் சண்டையிட, புத்தர் வந்து சமாதானம் செய்து வைத்தார் என்பது விகாரையின் ஐதீகம். புகாரிலிருந்து மணிமேகலை கொண்டு போகப்பட்ட மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று சொல்பவர்களும் உண்டு.

இங்கே ஆண்கள் கவனிக்க வேண்டியது சட்டை. அம்மன் கோயிலில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விகாரையில் சட்டை போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அம்மனைக் கும்பிட்ட கையோடு, சட்டையைத் தோளில் போட்டபடி விகாரைப் பக்கம் நடந்துவிடாதீர்கள். வாசலுக்கு முன்னாடியே பொத்தான் போட்டுவிடுங்கள். நெற்றியில் இருக்கிற விபூதியை அழிக்க வேண்டியதில்லை, யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடக்கில் எல்லா விகாரையும் நயினாதீவு மாதிரிப் பழையது அல்ல. போருக்குப் பிறகு கட்டப்பட்ட சிலவற்றைச் சுற்றி நிலத் தகராறும் போராட்டமும் நடக்கின்றன. வழியில் ஒரு விகாரை தெரிகிறதே என்று இறங்கும் முன் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் விருந்தாளி, அவர்களுக்கு அது சொந்த மண்.

படி 5: உள்ளே நுழைந்ததும் எந்த வரிசை

நம்ம கோயிலில் பிள்ளையார், நந்தி, மூலவர் என்று ஒரு வரிசை இருப்பதுபோல இங்கேயும் இருக்கிறது. முதலில் தூபி (புனிதச் சின்னங்களை உள்ளே வைத்துக் கட்டிய குவிமாடம்), அடுத்து போதி மரம், கடைசியில் புத்தர் சிலை. அவர்கள் சொல்லும் வணக்கப் பாடலிலும் இதே வரிசைதான். சிலையைத் தேடி முதலில் ஓடாதீர்கள்.

தூபியை வலமாகச் சுற்ற வேண்டும். பிரகாரம் சுற்றிப் பழகிய கால்கள் தானாகவே அப்படிப் போகும். போதி மரம் அரச மரம்தான். இலங்கைத் தமிழர்கள் வெள்ளரசு என்பார்கள். சுற்றிலும் மேடை கட்டியிருக்கும். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்கள். கொடி, துணி கட்டியிருக்கும். மரத்தில் கிள்ளுவது, இலை பறிப்பது கூடாது. தானாக உதிர்ந்த இலையை எடுத்துக்கொள்வதை யாரும் தவறாகப் பார்ப்பதில்லை.

சிலை மண்டப வாசலில் அரைவட்டமாக ஒரு கல் பதித்திருக்கும். அதில் யானை, குதிரை, அன்னம் எல்லாம் வரிசையாகச் செதுக்கியிருந்தால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சந்திரவட்டக்கல் அது. அனுராதபுரத்தில் பார்க்க வேண்டிய வேலைப்பாடு.

உள்ளே போய் உட்காருவதானால் காலைச் சிலையை நோக்கி நீட்டாமல் மண்டியிட்டோ சம்மணமிட்டோ உட்காருங்கள். விழுந்து கும்பிடலாம். அவர்கள் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் தொடுவார்கள். நம்ம சாஷ்டாங்கத்துக்கு அங்கே இடமும் போதாது.

படி 6: பூ

நமக்குக் கை தடுமாறும் இடம் இதுதான். பூக்கடையில் தாமரை, நீல அல்லி எல்லாம் இருக்கும். வாங்கிக்கொண்டு உள்ளே போனால் நம்ம கண் தானாகக் குருக்களைத் தேடும். குருக்கள் கிடையாது. பேர் நட்சத்திரம் கேட்க ஆள் இல்லை, தீர்த்தம் விபூதி இல்லை, கற்பூர ஆரத்தி இல்லை. நீங்களே செய்ய வேண்டும்.

பூவை மோந்து பார்க்கக் கூடாது என்பது நம்ம வழக்கமேதான். அல்லிக் காம்பைக் கிள்ளிவிட்டு, இதழ்களை விரலால் மெதுவாக வெளிப்பக்கம் மலர்த்தி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சிலைக்கு முன்னால் இருக்கும் பலகைமேல் நேராக நிமிர்த்தி வைக்க வேண்டும். ஏற்கெனவே வைத்தவர்களுடைய பூக்களை ஒதுக்கித் தள்ளாமல் இடைவெளியில் வையுங்கள். சிலைக்கு மாலை போட முயலாதீர்கள், சிலையைத் தொடவே தொடாதீர்கள். தாய்லாந்தில் சில சிலைகள்மேல் தங்கத்தகடு ஒட்டுவார்கள், அங்கே மட்டும் அது சரி.

பூ வைக்கும்போது அவர்கள் பாலி மொழியில் சொல்லும் வரிகளின் சாரம், இந்தப் பூ வாடுவதைப்போல என் உடம்பும் வாடப்போகிறது என்பது. பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று நாம் வேண்டிக்கொண்டு நிற்கும் அதே இடத்தில், பக்கத்தில் நிற்கும் பாட்டி இதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

விளக்கு ஏற்றத் தனி மேடை இருக்கும். தேங்காய் எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி. சிலை மண்டபத்துக்குள்ளே ஏற்றாதீர்கள். காணிக்கைக்கு உண்டியல் உண்டு.

படி 7: பிக்குவைப் பார்த்தால்

பிக்கு என்றால் பௌத்தத் துறவி. கைகூப்பினால் போதும். அவர் உட்கார்ந்திருந்தால் நாம் அவரைவிட உயரமான இடத்தில் உட்காரக் கூடாது. எது கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுங்கள். பெண்கள் பொருளைப் பக்கத்தில் வைத்துவிடுவது நல்லது. தாய்லாந்தில் இதைக் கறாராகப் பார்ப்பார்கள். சாப்பாடு கொடுக்க நினைத்தால் நண்பகலுக்கு முன்னால் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு அவர்கள் உண்பதில்லை. பிரித் என்ற காப்பு மந்திரம் ஓதி மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டிவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். ஓதி முடிந்ததும் எல்லோரும் “சாது, சாது, சாது” என்பார்கள். நீங்களும் சேர்ந்து சொல்லலாம்.

படி 8: போட்டோ

புத்தருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்காதீர்கள். சிலையை மட்டும் எடுப்பது பெரும்பாலும் பிரச்சினையில்லை, ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். புத்தகயாவில் இந்தத் தலைவலியே இல்லை, மகாபோதிக் கோயிலுக்குள் செல்போனே கொண்டுபோக முடியாது.

படி 9: அனுராதபுரம், கண்டி

வடக்கு ரயில் பாதையிலேயே அனுராதபுரம் வரும். அசோகரின் மகள் சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்ததாகப் போற்றப்படும் ஸ்ரீ மகா போதி அங்கேதான். விடிகாலையிலோ மாலையிலோ போங்கள், நடுப்பகலில் கால் வெந்துவிடும்.

திருவாரூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. தேரேற்றிக் கன்றைக் கொன்ற மகனுக்கு அதே தண்டனை கொடுத்த அரசன் கதையை இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சமும் சொல்கிறது. அங்கே அந்த அரசன், சோழ நாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளன். அவனைப் போரில் கொன்ற துட்டகைமுனுவே அவனுக்கு நினைவிடம் எழுப்பி மரியாதை செய்யச் சொன்னான். அதே துட்டகைமுனு தொடங்கியதுதான் பெரிய வெள்ளைத் தூபியான ருவன்வெலிசாய.

புத்தரின் பல்லை வைத்துப் போற்றும் கண்டி தலதா மாளிகையில் பூசை ஒரு நாளைக்கு மூன்று வேளை: விடிகாலை, காலை, மாலை. பூசை நேரத்தில்தான் மாடியில் அந்தப் பல்லை, அதாவது தந்த தாதுவை, வைத்த அறை திறக்கும். கீழே முரசு முழங்கும், மேலே வரிசை நகரும். வாசலுக்கு எதிரே நிற்கக் கிடைப்பது சில நொடிகள்தான். தெரிவது தங்கப் பேழை மட்டும், பல்லைக் காட்ட மாட்டார்கள். திருப்பதியில் நின்று பழகியவர்களுக்கு இது புதிதல்ல. 1998-ல் குண்டு வெடித்த இடம் என்பதால் வாசலில் சோதனை உண்டு, பை சின்னதாக இருக்கட்டும். டிக்கெட் எடுக்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவர்களுக்குக் கட்டணம் குறைவு. முன்புறம் தெரியும் எண்கோண மண்டபத்தைக் கட்டியவன், தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்த கடைசிக் கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

படி 10: அர்ச்சனை செய்யாமல் கை அரிக்கிறவர்களுக்கு

தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே பத்தினி தேவாலயம் இருக்கிறது. தேவாலயம் என்றால் இங்கே சர்ச் அல்ல, தெய்வத்தின் கோயில். பத்தினி என்றால் நம்ம கண்ணகி. புகாரில் பிறந்த பெண்ணுக்குச் சிங்களவர்கள் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். இங்கே கப்புராளை என்ற பூசாரி உண்டு. பழத்தட்டு வாங்கிக் கொடுத்தால் உங்கள் பெயரைக் கேட்டு, உங்களுக்காக வேண்டுவார். புதன், சனி விசேஷ நாள் என்பதால் கூட்டம் இருக்கும், மற்ற நாட்களில் நிதானமாக நிற்கலாம். தட்டில் வைத்த பழத்தில் ஒரு பங்கு திரும்ப உங்கள் கைக்கே வரும், பையில் இடம் வைத்துக்கொள்ளுங்கள்.