பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தமிழ் எழுத்துப் பயிற்சி: வருணனை, வாசிப்பு, பிழை நீக்கம்

நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் ‘எங்கள் வீட்டுப் பூனை’ என்ற தலைப்பில் எழுதச் சொன்னால், “எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அது வெள்ளையாக இருக்கும். அது மிகவும் அழகாக இருக்கும்” என்று மூன்று வரியில் முடித்துவிட்டு நோட்டை மூடிவிடுகிறது. அதே பிள்ளை அந்தப் பூனையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கால் மணி நேரம் ஓயாது. பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் உள்ள தொலைவும், ஒவ்வொரு எழுத்திலும் பிழை வந்துவிடுமோ என்ற அச்சமும் சேர்ந்துதான் அதன் கையைக் கட்டிப்போடுகின்றன. ஆகவே எழுதும் வேளையையும் பிழை திருத்தும் வேளையையும் பெற்றோர் கண்டிப்பாகப் பிரித்து வைக்க வேண்டும் என்பதே நான் முதலில் வற்புறுத்துவது.

வருணனைக்குக் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருளே நல்ல தொடக்கம். கோடை விடுமுறையில் ஒரு நுங்கு வாங்கி வந்தால் போதும். வெட்டிய காயில் எத்தனை கண்கள் இருக்கின்றன, மேல்தோல் என்ன நிறம், விரலால் அழுத்தினால் என்ன ஆகிறது, சுளையை ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைத் தின்றால் நாக்கு என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். “அமுக்குனதும் தண்ணி பீச்சியடிச்சு சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு” என்று பிள்ளை சொன்னால், அதை அப்படியே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சுத்தமிழ் என்பதற்காக அந்த இடத்தில் தடுக்க வேண்டாம். பிறகு இருவரும் சேர்ந்து அமர்ந்து, “கட்டைவிரலால் அழுத்தியதும் தண்ணீர் பீய்ச்சியடித்துச் சட்டையை நனைத்தது” என்று எழுத்துத் தமிழுக்கு மாற்றலாம். இந்த மாற்றத்தைப் பிள்ளையே செய்ய வேண்டும். தடுமாறும் சொல்லுக்கு மட்டும் நீங்கள் கை கொடுத்தால் போதும். நீங்களே அழகான வாக்கியமாக மாற்றிக் கொடுத்துவிட்டால் அது உங்கள் கட்டுரை ஆகிவிடும்.

‘அழகாக’, ‘நன்றாக’, ‘மிகவும்’ ஆகிய மூன்று சொற்களும் வராமல் ஒரு பத்தி எழுதச் சொல்வது மிகுந்த பலன் தரும் பயிற்சி. அவற்றின் இடத்தை நிரப்ப இரட்டைக்கிளவிகள் உதவும். வழவழ, சொரசொர, பிசுபிசு, மொறுமொறு, கமகம, சலசல என்று தொடுவதற்கும் மணத்துக்கும் ஓசைக்கும் தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. வீட்டில் பெரியவர்கள் அன்றாடம் பேசும்போதே பிள்ளைகள் இவற்றைக் கேட்டிருப்பார்கள். அவற்றை எழுத்திலும் பயன்படுத்தலாம் என்று நாம் சொல்லிக்கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

வாசிப்பு உரக்கவே நடக்க வேண்டும். முதலில் நீங்கள் ஒரு பத்தியை நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். பிறகு அதே பத்தியைப் பிள்ளை வாசிக்கட்டும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகத்தைச் சில மாதம் தள்ளிவைத்து எளியதை எடுப்பது நல்லது. பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. ஊர் நூலகத்தில் சிறுவர் பகுதி இருந்தால், புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

உரக்க வாசிப்பதை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. ‘மழை’யை ‘மளை’ என்று சொல்லும் பிள்ளை அப்படியே எழுதவும் செய்யும். ல, ள, ழ மூன்றையும் பிழையின்றி எழுத முழுமையான விதி எதுவும் கைகொடுக்காது. காதும் நாக்கும் பழகியாக வேண்டும். ர, ற இரண்டையும் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம் என்பதால், அவற்றைப் பொருள் கொண்டு பிரிப்பதே வழி. “ஆற்றங்கரையில் விளையாடியதால் சட்டையில் கறை படிந்தது”, “அறையில் அரை டம்ளர் பால் இருக்கிறது” என்பது போன்ற வாக்கியங்களைப் பிள்ளையே உருவாக்கினால் எளிதில் மறக்காது.

ந, ன, ண குழப்பத்துக்கோ விடை எழுத்தின் பெயரிலேயே இருக்கிறது. டண்ணகரம் என்றால் ‘ட’வுக்கு முன் வருவது: வண்டி, நண்டு. றன்னகரம் ‘ற’வுக்கு முன் வருவது: கன்று, தென்றல். தந்நகரம் ‘த’வுக்கு முன் வருவது: பந்து, தந்தை. சொல்லின் முதலெழுத்தாக வருவதும் தந்நகரமே. ரெண்டு சுழி, மூணு சுழி என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் இந்த உதவி பிள்ளைக்குக் கிடைக்காமல் போகிறது. பெரியவர்களே தவறும் மற்றோர் இடம் ‘முயற்ச்சி’, ‘அதற்க்கு’, ‘கட்ச்சி’ என்று எழுதுவது. ட், ற் ஆகிய மெய்களை அடுத்து இன்னொரு மெய் வராது என்ற ஒரே விதியைப் புரியவைத்தால் முயற்சி, பயிற்சி, அதற்கு, கட்சி, வெட்கம் எல்லாம் சரியாகிவிடும். பார்த்தான், காய்ச்சல், மகிழ்ச்சி என ர், ய், ழ் ஆகியவற்றின் பின் மெய் வரும் என்பதையும் கூடவே காட்டுங்கள்.

பிழைக்குத் தண்டனையாகப் பத்து முறை இம்போசிஷன் எழுதவைப்பதை நான் ஏற்பதில்லை. ஐந்தாவது முறைக்குப் பிறகு கை எழுதும், கண் பார்க்காது. அதற்குப் பதிலாக, பிள்ளை எழுதிய வருணனையிலிருந்தே மறுநாள் நான்கைந்து சொற்களை எடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் சரியான வடிவில் குறித்துவைத்து, அந்த வார இறுதியில் அவை வரும் வாக்கியங்களைச் சொல்வதை எழுதுதலாக நடத்துங்கள். ஒரே அமர்வில் எல்லாப் பிழைகளையும் களைய முயல வேண்டாம். இந்த வாரம் ணகர னகரம் என்றால் ஒற்றுப்பிழைகளைக் கண்டும் காணாமல் விடலாம். சில நாள் பாத்திரத்தை மாற்றிக்கொண்டு பிள்ளை சொல்ல நீங்கள் எழுதுங்கள். வேண்டுமென்றே இரண்டு மூன்று பிழைகளை விட்டு எழுதி, சிவப்புப் பேனாவைப் பிள்ளையின் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். திருத்திய ஒவ்வொரு சொல்லுக்கும் அது ஏன் தவறு என்று உங்களுக்கு விளக்கவும் வேண்டும் என்று கேளுங்கள்.