ட்ரோன் படங்களில் கடற்கரைக் குப்பையைக் கண்டறிவது எப்படி?

கடல் கரையில் ஒதுக்கிவிட்டுப் போகும் குப்பையை எண்ண, 100 மீட்டர் நீளத்தை அளந்துகொண்டு அதில் கிடக்கும் ஒவ்வொரு பொருளையும் நடந்து பார்த்துக் குறிப்பதே நெடுநாள் வழக்கம். ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் அந்த வேலையைப் பல கிலோமீட்டருக்கு விரிக்க உதவும். ஆனால் முதல் 100 மீட்டரை நடந்தே எண்ண வேண்டும். கணினி சொல்லும் கணக்கைச் சரிபார்க்க வேறு அளவுகோல் கிடையாது.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது பறக்கும் உயரம். டிஜேஐ பாண்டம் 4 ப்ரோ போன்ற 20 மெகாபிக்சல் கேமரா கொண்ட ட்ரோன் 10 மீட்டர் உயரத்தில் பறந்தால், படத்தின் ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 2.7 மில்லிமீட்டருக்குச் சமம்; 40 மீட்டரில் அது 11 மில்லிமீட்டர். சுமார் 3 சென்டிமீட்டர் அகலமுள்ள தண்ணீர் பாட்டில் மூடி முதல் உயரத்தில் 11 பிக்சல் அகலத்தில் தெளிவாகத் தெரியும், இரண்டாவதிலோ மூன்று பிக்சலாகச் சுருங்கி, கிளிஞ்சலிலிருந்து பிரித்தறிய இயலாத புள்ளியாகிவிடும். அறுந்த வலைகளையும் பெரிய மிதவைகளையும் மட்டும் தேடுவோருக்கு 40 மீட்டர் போதும். 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபின் இலங்கைக் கரைகளில் குவிந்தவை போன்ற சிறு பிளாஸ்டிக் குருணைகளை இந்த உயரங்களிலிருந்து எண்ண முடியாது. அதற்குச் சல்லடைதான் வேண்டும்.

இந்தியாவில் பறக்கவிடுவோர், ட்ரோன் பறக்க அனுமதியுள்ள, தடையுள்ள வான்மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் தம் கரை எந்த மண்டலத்தில் வருகிறது என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். கரைவலை இழுப்போரிடம் சொல்லிவிட்டு, ஆலாப் பறவைகள் கூடியிருக்கும் இடத்தைத் தவிர்த்து, கடற்காற்று வலுக்கும் முன் காலையில், நீர் வற்றியிருக்கும்போது பறப்பது நல்லது. மெல்லிய மேகம் மூடிய நாளில் நிழலும் பளபளப்பும் குறைவு. கேமரா நேர்கீழே நோக்கியிருக்கட்டும்.

மிகுந்த உழைப்பைக் கேட்பது, கணினிக்குக் கற்பிப்பதற்காகப் படங்களில் குப்பையைக் கட்டமிட்டு அடையாளமிடும் வேலை. வலையும் கயிறும், பாட்டில், தெர்மாகோல், செருப்பு எனச் சில வகைகளே போதும். அலைநுரை, வெண்கிளிஞ்சல், நண்டு வளை ஆகியவை மட்டுமே உள்ள படங்களையும் பயிற்சியில் சேர்த்தால்தான் அவை குப்பையல்ல என்பதை மாதிரி (படங்களைப் பார்த்துக் குப்பையை அடையாளம் காணப் பயிலும் கணினி நிரல்) கற்கும். மணலில் உலரும் வலை யாரோ ஒருவருடைய பிழைப்பு; ஐயம் எழுந்தால் அவ்வூர் மீனவரிடம் கேட்ட பிறகே குறிக்க வேண்டும்.

யோலோ போன்ற, படங்களில் பொருள்களைக் கண்டறியும் மாதிரிக்குப் படத்தை முழுதாகக் கொடுப்பது பலரும் செய்யும் பிழை. மேற்சொன்ன கேமராவின் 5472 பிக்சல் அகலப் படம், மாதிரி வழக்கமாக ஏற்கும் 640 பிக்சலாகச் சுருக்கப்படும்போது, 11 பிக்சல் மூடி ஏறத்தாழ ஒரே பிக்சலாகி மறைந்துபோகும். ஆகவே படத்தைச் சுருக்காமல், 640 பிக்சல் சதுரத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒரே பாட்டில் பயிற்சித் துண்டிலும் சோதனைத் துண்டிலும் வந்துவிடக்கூடும்; மாதிரி அதை முன்பே பார்த்திருப்பதால் மதிப்பெண் பொய்யாக உயரும். சோதனைக்கு வேறொரு கரையின் அல்லது வேறொரு நாளின் படங்களை ஒதுக்கிவையுங்கள்.

மிதக்கும் குப்பைக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. அலை நகர்வதால் கடற்பரப்பின் படங்களை ஒரே வரைபடமாகத் தைக்க முடியாது; தனித்தனிப் படங்களாகவே எண்ண வேண்டும்.

இறுதியில் கணினியின் கணக்கை, நடந்து எண்ணிய கணக்கோடு பொருள்வாரியாக ஒப்பிட வேண்டும். தரையில் 200 பொருள்கள் இருக்க, கணினி 180ஐக் குறித்து, அவற்றுள் 140 மட்டுமே உண்மையான குப்பை என்று வைத்துக்கொள்வோம். மொத்த எண் 90 விழுக்காடு பொருந்துவதாகத் தோன்றினாலும், 60 பொருள்கள் விடுபட்டு, குப்பையல்லாத 40 சேர்ந்திருக்கின்றன. அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மணல்மேட்டில் விடுபடுவது இன்னும் மிகுதியாக இருக்கும் என்பதால், அப்பகுதிக்கும் வெறும் மணலுக்கும் கணக்கைத் தனித்தனியே எழுதிவைக்க வேண்டும்.