கணினியின் கடவுச்சொல் மறந்துபோனால் ஃபார்மேட் செய்வதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கடவுச்சொல் மறந்துவிட்டது, கணினி உள்ளே விட மாட்டேன் என்கிறது, பதற்றத்தில் "சரி, ஃபார்மேட் செய்துவிடலாம்" என்று யாராவது சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிடாதீர்கள். என் உறவினர் ஒருவர் அப்படித் தலையாட்டிப் பதினோரு வருடப் புகைப்படங்களை இழந்தார். அவர் கணினியில் இருந்தது மைக்ரோசாப்ட் கணக்கு, கைப்பேசியிலேயே பத்து நிமிடத்தில் புதுக் கடவுச்சொல் வாங்கியிருக்கலாம் என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில், உண்மையிலேயே மறந்துவிட்டதா என்று பாருங்கள். கேப்ஸ் லாக் எரிகிறதா? எண்கள் உள்ள கடவுச்சொல் என்றால் நம் லாக் (Num Lock) அணைந்திருக்கிறதா? தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கும், நீங்கள் சரியான விசைகளைத்தான் அழுத்துவீர்கள், உள்ளே போவது வேறு எழுத்து. லாகின் திரையின் வலது கீழ் மூலையில் மொழியை மாற்றலாம். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் அடையாளத்தை அழுத்திப் பிடித்தால் அடித்தது தெரியும். அப்புறம், கேட்பது பின் (PIN) எண்ணா கடவுச்சொல்லா என்றும் கவனியுங்கள். இரண்டும் வேறு. பின் எண் மறந்திருந்தால் சைன்-இன் ஆப்ஷன்ஸ் என்பதைத் தொட்டுக் கடவுச்சொல்லாலேயே உள்ளே போய்விடலாம்.

அதுவும் இல்லை என்றால், அது எந்த வகைக் கணக்கு என்று தெரிய வேண்டும், ஏனென்றால் வழி முழுக்க அதைப் பொறுத்தது. விண்டோஸில் உங்கள் பெயரோடு மின்னஞ்சல் முகவரி வந்தால் மைக்ரோசாப்ட் கணக்கு. கைப்பேசியில் மைக்ரோசாப்டின் கடவுச்சொல் மீட்புப் பக்கத்துக்குப் போய், முன்பு பதிந்துவைத்த மாற்று மின்னஞ்சலுக்கோ கைப்பேசி எண்ணுக்கோ வரும் குறியீட்டைக் கொடுத்துப் புதிதாக வைத்துக்கொள்ளலாம். புதுக் கடவுச்சொல்லை அடிக்கும்போது அந்தக் கணினி இணையத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது பழையதையே எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். பழைய எண்ணும் மின்னஞ்சலும் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு மீட்புப் படிவம் இருக்கிறது, ஆனால் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால் அது உதவாது. பாதுகாப்பு விவரங்கள் அத்தனையையும் மாற்றினால் 30 நாள் காத்திருக்கச் சொல்வார்கள், அதற்குள் பொறுமை இழந்து அந்தக் கோரிக்கையை ரத்து செய்துவிடாதீர்கள்.

மின்னஞ்சல் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால் அது அந்தக் கணினிக்குள்ளேயே உள்ள லோக்கல் கணக்காக இருக்கலாம். தவறான கடவுச்சொல்லை ஒருமுறை அடித்துப் பாருங்கள், கீழே ரீசெட் பாஸ்வேர்ட் என்று வரும். கணக்கைத் தொடங்கியபோது மூன்று பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பதில் கொடுத்திருந்தால் அவற்றைக் கேட்கும். விண்டோஸ் 10-இல் 2018-இல் வந்த வசதி இது. கடவுச்சொல்லை மாற்ற உதவும் ரீசெட் பென் டிரைவ் ஒன்றை முன்பே செய்துவைத்திருந்தால் அதைச் செருகினால் போதும், இடையில் எத்தனை முறை கடவுச்சொல்லை மாற்றியிருந்தாலும் அது வேலை செய்யும்.

வீட்டில் வேறு யாருக்காவது அதே கணினியில் அட்மின் கணக்கு இருந்தால், அவர் உள்ளே போய் உங்கள் லோக்கல் கணக்குக்குப் புதுக் கடவுச்சொல் வைக்கலாம். ஆனால் அப்படி வெளியிலிருந்து மாற்றும்போது, விண்டோஸ் உங்களுக்காகச் சேமித்துவைத்த கடவுச்சொற்களும், நீங்கள் தனியாக என்கிரிப்ட் செய்த (யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய) கோப்புகளும் திறக்காமல் போகும். சாதாரணக் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

எதுவுமே கைகொடுக்கவில்லை என்றால் விண்டோஸை ரீசெட் செய்ய வேண்டியதுதான், ஆனால் அதற்கு முன் கோப்புகளை வெளியே எடுங்கள். இந்த இடத்தில் அவசரமே வேண்டாம். வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து உங்கள் கணினியைத் தொடங்கி, நிறுவாமல் வெறுமனே இயக்கிப் பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஹார்டு டிஸ்க் திறக்கும், வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுக்கலாம். டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் மட்டும் திறக்காது, 48 இலக்க மீட்பு எண் வேண்டும். "நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்பீர்கள், ஆனால் பல புதுக் கணினிகளில் மைக்ரோசாப்ட் கணக்கோடு தொடங்கும்போது அது தானாகவே இயங்கிவிடுகிறது. அப்படி இயங்கியிருந்தால் அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கிலேயே இருக்கும், கைப்பேசியிலிருந்து பார்க்கலாம். நகலெடுத்ததைத் திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு, லாகின் திரையில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், பிறகு ரீசெட் திஸ் பிசி என்று போங்கள்.

மேக்கில் சில முறை தவறாக அடித்தாலே ஆப்பிள் கணக்கைக் கொண்டு மாற்றும் வாய்ப்பைக் காட்டும். காட்டாவிட்டால் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். மேக்கின் டிஸ்க் பூட்டான ஃபைல்வால்ட் போட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீடும் உதவும். மாற்றிய பிறகு பழைய கீசெயினில் (மேக் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் இடம்) இருந்த கடவுச்சொற்கள் பூட்டியே இருக்கும், பழைய கடவுச்சொல் என்றாவது நினைவுக்கு வந்தால் அதைத் திறக்கலாம், அதனால் அழித்துவிடாதீர்கள். லினக்ஸில் ரிகவரி மோடு வழியாக ரூட்டாக (முழு உரிமையுள்ள கணக்காக) நுழைந்து புதுக் கடவுச்சொல் வைப்பது எளிது, டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் ஆகியிருந்து அதன் கடவுச்சொல்லே மறந்திருந்தால் மட்டும் வழியில்லை.

"எந்தக் கணினியையும் ஒரே நொடியில் திறக்கும்" என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களைத் தொடவே தொடாதீர்கள். முழு டிஸ்க்கையும் திறந்து காட்டும் உரிமையை, யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றிடம் கொடுக்கிறீர்கள்.

உள்ளே போனதும், வேறெதையும் திறப்பதற்கு முன், மாற்று மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் இன்று உங்களிடம் இருப்பவைதானா என்று பாருங்கள். லோக்கல் கணக்கு என்றால் ரீசெட் பென் டிரைவ் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி, கணினிப் பையில் அல்லாமல் வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள்.