சுகர் இறங்கும் வேளையில் செய்யக்கூடாதவை

காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டிபனை ஆபீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று டோம்பிவிலியில் ரயில் ஏறும் நம்மவர்கள் பலர். தாணே வருவதற்குள் வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. மும்பை லோக்கலின் நெரிசலில் யாருக்குத்தான் வியர்க்காது? ரத்தச் சர்க்கரை தாழ்வதன் முதல் அடையாளங்களும் இந்த ஊர்ப் புழுக்கமும் ஒன்றுபோலவே இருப்பதால், கூட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இறங்க வேண்டிய ஸ்டேஷன் வரை பொறுத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் அது தாழ்சர்க்கரை. 54-க்கும் கீழே இறங்கும்போது மூளைக்குப் போதிய குளுக்கோஸ் கிடைக்காமல் பேச்சு குழறும், பார்வை மங்கும், காரணமில்லாத கோபமும் பிடிவாதமும் தலைகாட்டும். அந்நிலையில் ஒருவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதை நம்பக் கூடாது. அதைச் சொல்வதே தடுமாறும் மூளைதான். குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் உடனே பார்க்கலாம், ஆனால் பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றிவிடும். கருவி இல்லையென்றால் அதைத் தேடி நேரம் போக்காமல், தாழ்சர்க்கரை என்றே கொண்டு இனிப்பைக் கொடுத்துவிட வேண்டும்.

எந்த இனிப்பு என்பதில்தான் பெரும்பிழை நடக்கிறது. ஸ்டேஷன் வாசலில் கிடைக்கும் வடாபாவும், பையிலிருக்கும் பேடாவோ சாக்லேட்டோ பசியை ஆற்றலாம். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை சேர்க்காத டயட் கோலாவால் இந்நேரத்தில் எள்ளளவும் பயனில்லை. வேண்டியது சுமார் 15 கிராம் சர்க்கரை: மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம், அல்லது அரை டம்ளர் பழச்சாறு அருந்தலாம். வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் சாதாரணச் சர்க்கரை மெதுவாகவே சீரணமாகும் என்பதால், அவர்கள் மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியைத்தான் பையில் வைத்திருக்க வேண்டும். இதை மாத்திரைச் சீட்டு எழுதும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

குடித்த இரண்டாம் நிமிடமே நடுக்கம் நிற்கவில்லை என்று கைக்கு வந்ததையெல்லாம் தின்றுவிட்டு, மாலையில் 300-ஐப் பார்த்து மலைப்பவர்களும் உண்டு. 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதித்து, இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவை மீண்டும் எடுக்க வேண்டும். சரியான பிறகு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலிருந்தால் இரண்டு இட்லியோ ஒரு சப்பாத்தியோ சாப்பிடாமல் நகரக் கூடாது. வண்டி ஓட்டுபவர்கள் முதலில் ஓரமாக நிறுத்திவிட வேண்டும்.

சஷ்டி விரதமிருந்து செம்பூர் செட்டா நகர் முருகன் கோயில் படியேறும் பெரியவர்கள் வழக்கமான மாத்திரையையும் வழக்கம்போலவே போட்டுக்கொள்கிறார்கள். இன்சுலினும், கிளிமெபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் வயிறு காலியா நிறைந்ததா என்று பார்ப்பதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அதற்காக ஒருமுறை சுகர் இறங்கியதும் பயந்துபோய் எல்லா மருந்தையும் தாமாகவே நிறுத்துவதும் தவறுதான். அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவர். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களிடம் படபடப்பும் நடுக்கமும் வெளிப்படாமல் போகலாம், வியர்வை மட்டுமே மிஞ்சும் என்பதால் அதை அசட்டை செய்யக் கூடாது.

மயங்கி விழுந்தவரின் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவது நல்லெண்ணத்தில் செய்யும் கொடுமை, ஏனெனில் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றியதும் அவர் எழுந்து உட்கார்ந்து "வீட்டுக்குப் போகலாம்" என்பார். சிறுநீரகம் தளர்ந்த முதியவருக்கு கிளிமெபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகளின் வேகம் ஒரு நாளுக்கு மேலும் நீடித்து, சர்க்கரையை மறுபடி கீழே இழுக்கக்கூடும் என்பதால், எத்தனை அவசர வேலை இருந்தாலும் அன்றிரவு அவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கச் சம்மதியுங்கள்.