ஒற்றை செயின்ரிங்கா, இரட்டையா, மூன்றா? கேசட் வாங்கும் முன் பின்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

என் பழைய மவுண்டன் பைக்கில் முன்னால் மூன்று செயின்ரிங் (பெடலோடு சுழலும் பல்சக்கரம்), பின்சக்கரத்தில் ஒன்பது பல்சக்கரம் கொண்ட அடுக்கு, அதாவது கேசட். 27 கியர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். இருந்தும் செங்குத்தான ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் அந்த 27-இன் லட்சணம் தெரிந்தது. அதை மாற்றப் போய் நான் பட்ட பாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன். கேபிள் கட்டுவது, செயின் வெட்டுவது போன்றவற்றை இங்கே விளக்கப்போவதில்லை.

படி 1: பற்களை எண்ணுங்கள்

செயலி எதுவும் வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். முன்னால் உள்ள பற்களைப் பின்னால் உள்ள பற்களால் வகுத்தால் கியர் விகிதம் கிடைக்கும். எண் சிறியதானால் ஏறுவது எளிது, பெரியதானால் வேகம் அதிகம்.

என்னிடம் இருந்தது முன்னால் 22, 32, 42. பின்னால் 11 முதல் 32 வரை. இப்போது பாருங்கள்: 42-ஐ 21-ஆல் வகுத்தால் 2. 32-ஐ 16-ஆல் வகுத்தாலும் 2. 22-ஐ 11-ஆல் வகுத்தாலும் அதே 2! ஒரே கியரை மூன்று இடத்தில் ஒளித்துவைத்து மூன்று என்று எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். அதிலும் 22-க்கு 11 போட்டால் செயின் கோணலாக ஓடித் தேயும். அதைப் பயன்படுத்தவே கூடாது.

படி 2: எந்தப் பக்கம் போதவில்லை?

கியர் எத்தனை என்ற கேள்வியை விடுங்கள். மிகச் சிறிய விகிதம் எது, மிகப் பெரிய விகிதம் எது? இந்த இரண்டும்தான் முக்கியம். 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் போகும். பெடலை நிமிடத்துக்கு 60 முறை சுற்றினால், என் பழைய குறைந்தபட்ச கியரில் (22/32, அதாவது 0.69) மணிக்கு 5.7 கி.மீ. வேகம் வரும். அந்த வேகத்துக்குக் கீழே போனால் என் கால் திணறும், முழங்கால் முனகும். உங்கள் வழக்கமான பாதையில் எந்த ஏற்றத்தில் கால் நிற்கிறது என்று பாருங்கள். அங்கே கடைசி கியரில் இருந்தீர்களா? இருந்தும் முடியவில்லை என்றால் இன்னும் சிறிய விகிதம் வேண்டும். கடைசி கியருக்கு வரவே இல்லை என்றால் உங்களுக்கு வேண்டியது பயிற்சி, புதிய கேசட் அல்ல.

படி 3: தேர்வு

என் ஓட்டு ஒற்றை செயின்ரிங்குக்கு. முன் கியரை மாற்றும் இடது கைக்கு வேலை இல்லை, செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டிரெய்லியர் முன்னால் இல்லை, சேறு சிக்கும் இடம் ஒன்று குறைகிறது. 2012-இல் ஸ்ராம் நிறுவனம் 10 முதல் 42 பல் வரையிலான 11 வேக (11 பல்சக்கர) கேசட்டைக் கொண்டுவந்த பிறகே இந்த முறை பரவலானது. 2016-இல் அதே நிறுவனம் 12 வேகத்தில் 50 பல் வரை போனது. 2018-இல் ஷிமானோ நிறுவனம் 51 பல்லைத் தொட்டது. இதனால் முன்னால் 22 பல் இருந்தால்தான் ஏற முடியும் என்ற நிலை போய்விட்டது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஒற்றை செயின்ரிங்கில் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம். 15 பல்லிலிருந்து 18-க்குத் தாவும்போது காலில் அது நன்றாகவே தெரியும். தார்ச்சாலையில் மணிக்கணக்கில் ஒரே சீராக மிதிப்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும். அவர்கள் 36/26 போன்ற இரட்டை செயின்ரிங்கை வைத்துக்கொள்ளட்டும், நான் கேலி செய்ய மாட்டேன். மூன்று செயின்ரிங் ஏற்கனவே இருந்து நன்றாக ஓடினால் ஓட்டுங்கள். புதிதாக மட்டும் வாங்காதீர்கள்.

படி 4: ஃப்ரீஹப் (நான் விழுந்த குழி)

10 முதல் 51 பல் வரையிலான 12 வேக கேசட்டை ஆசையாக வாங்கிவந்தேன். சக்கரத்தைக் கழற்றி, பழைய கேசட்டை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினால் உள்ளேயே போகவில்லை. திருப்பிப் பார்த்தேன், துடைத்துப் பார்த்தேன், ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். அழுக்கு என்றுதான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தேன்!

விஷயம் இதுதான். கேசட் உட்காரும் உருளைப் பகுதியான ஃப்ரீஹப்பில் வகைகள் உண்டு. பழைய, பரவலான ஷிமானோ வகைக்குப் பெயர் எச்ஜி. அதன் தடிமன் காரணமாக 11 பல்லுக்குச் சிறிய சக்கரம் அதில் பொருந்தாது. 10 பல் வேண்டுமென்றால் ஷிமானோவில் மைக்ரோ ஸ்ப்லைன், ஸ்ராமில் எக்ஸ்டி (XD). இவை ஒன்றுக்கொன்று மாறாது. சில ஹப்களில் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஃப்ரீஹப்பை மட்டும் மாற்றலாம். என்னுடையதில் அதற்கு வழியில்லை.

கடைசியில் எச்ஜி-யிலேயே உட்காரும் 11 வேக, 11 முதல் 51 வரையிலான கேசட்டும், முன்னால் 30 பல்லும் போட்டேன். 30/51 என்றால் 0.59, அதே 60 சுற்றுக்கு மணிக்கு 4.9 கி.மீ. தள்ளிக்கொண்டு போன ஏற்றத்தில் இப்போது உட்கார்ந்தபடியே ஏறுகிறேன். மறுபக்கம், 90 சுற்றுக்கு 47 கி.மீ. வரை போன வண்டி 34-இலேயே நின்றுவிடுகிறது. இறக்கத்தில் நான் எப்படியும் மிதிப்பதில்லை, பிரேக்கைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன் என்பதால் வருத்தமில்லை.

படி 5: மற்றவை

கைப்பிடியில் கியர் மாற்றும் ஷிஃப்டரும் பின் டிரெய்லியரும் ஒரே குடும்பமாக இருக்கட்டும். ஷிமானோவின் 9, 10, 11 வேக மவுண்டன் பைக் பாகங்களே தங்களுக்குள் பொருந்தாது. ஒரு சொடுக்குக்கு இழுக்கும் கேபிள் அளவு வேறு. பழைய டிரெய்லியர் 51 பல்லைத் தாங்காது. செயின் நீளத்தைத் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து வெட்டுங்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் ஷாக்கின் காற்றை இறக்கி, அமுக்கிவைத்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் பள்ளத்திலேயே டிரெய்லியர் பிய்ந்துவிடும். செயினை இணைக்க, கழற்றி மாட்டக்கூடிய கண்ணியான குயிக் லிங்க்கைத் தவிர நான் வேறெதையும் நம்புவதில்லை.

பின்சேர்க்கை 1: "என் வண்டியில் 7 வேகம், கேசட் கழலவே மாட்டேன் என்கிறது" என்று ஒருவர் கேட்டிருந்தார். அது அநேகமாகக் கேசட்டே இல்லை, ஹப்பில் திருகி ஏற்றும் ஃப்ரீவீல். பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். கருவி நுழையும் நடுவளையமும் கூடவே சுழன்றால் கேசட். அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் என்றால் மேலே சொன்ன எதையும் வாங்காதீர்கள். முதலில் பின்சக்கரத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

பின்சேர்க்கை 2: முன் டிரெய்லியரை மட்டும் கழற்றிவிட்டு நடு செயின்ரிங்கோடு ஓட்டிய இருவருக்குச் செயின் கழன்றுகொண்டே இருந்ததாம். கழலத்தான் செய்யும். பழைய செயின்ரிங்கின் பற்கள் செயினை எளிதாக விடுவிப்பதற்கென்றே குட்டையாக வெட்டப்பட்டவை. குறுகலும் அகலமுமாக மாறிமாறி வரும் பற்கள் கொண்ட செயின்ரிங்கைப் போட்டு, செயினைத் தளராமல் பிடிக்கும் கிளட்ச் உள்ள பின் டிரெய்லியரையும் மாட்டுங்கள். கரடுமுரடான இறக்கத்தில் இரண்டும் வேண்டும்.