நாற்று நடும் பெண்ணைப் பென்சிலில் வரையலாம், வாங்க

வயல் வேலையை வரைய உட்கார்ந்தால் பாதிப்பேர் முகத்தில் ஆரம்பித்து அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள். நாற்று நடுகிற பெண்ணைப் பக்கவாட்டில் வரைந்தால் முகம் அவ்வளவாகத் தெரியாது, பாதமும் சேற்றுக்குள் போய்விடும், ஆக முதல்முறை வரைகிறவர்களுக்கு இதைவிடத் தோதான உருவம் கிடையாது. ஏ4 தாள், எச்பி, 2பி, 6பி பென்சில்கள் (எச்பி வெளிர், 6பி நல்ல கறுப்பு), ஒரு ரப்பர் போதும்.

முதலில் எச்பியால், அழுத்தாமல், கூரை முகடு போல இரண்டு கோடுகள். ஒன்று கால், இன்னொன்று உடம்பு. உச்சியில் இருப்பது இடுப்பு. நின்றால் கால் சுமார் நான்கு தலை உயரம் வரும், சேற்றுக்குள் அரைத்தலை போனால் மூன்றரை. உடம்புக் கோட்டின் கீழ்முனையில் தலை, இடுப்பைவிடத் தாழ்வாக.

அடுத்தது முதுகு, தப்பு நடப்பதே இங்கேதான். கூன் போட்ட மாதிரி வளைத்துவிடுகிறோம். நடவு நடுகிறவர்கள் மடங்குவது இடுப்பில், முதுகு கிட்டத்தட்டத் தட்டையாகவே இருக்கும். சந்தேகமாக இருந்தால் நீங்களே குனிந்து நின்று பக்கத்திலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஓவியர் வான்கோ 1885-இல் நெதர்லாந்தின் நியூனென் கிராமத்தில் குனிந்து வேலை செய்யும் பெண்களைக் கறுப்பு சாக் கட்டியால் வரைந்தவற்றையும் தேடிப் பாருங்கள், இடுப்பும் பாவாடையுமே தாளை நிரப்பியிருக்கும்.

இடது கையில் நாற்று முடி (நாற்றுக் கட்டு), வலது கை விரல்கள் சேற்றுக்குள். சேலையைத் தூக்கிச் செருகியிருப்பார்கள், மடிப்புக் கோடுகள் எல்லாம் அந்தச் செருகலிலிருந்து கிளம்பட்டும். உச்சி வெயில் என்றால் முதுகை வெள்ளையாக விட்டுவிட்டு, வயிற்றுப் பக்கத்துக்கு மட்டும் 6பி.

அப்புறம் தண்ணீர். காலுக்கு நேர் கீழே 2பியால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, ரப்பர் முனையால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் தண்ணீர் வந்துவிடும்.

கடைசியாக நாற்று. என் முதல் படத்தில் அவளுக்குப் பின்னால் வரிசையாகப் போட்டிருந்தேன், அதைப் பார்த்த அப்பத்தா, "ஏண்டா, நட்டதையே மிதிச்சுக்கிட்டுப் போறாளா?" என்று சிரித்தார். நடவில் பின்னோக்கித்தான் நகர்வார்கள், நட்டது எப்போதும் முகத்துக்கு முன்னால் இருக்கும். நேராகவும் கோடு போடாதீர்கள், அன்றைக்கு நட்ட நாற்று துவண்டு சாய்ந்து கிடக்கும், நிமிர்த்தி வரைந்தால் அது பத்து நாள் பயிர்.